தண்ணீர் கேட்காத செடிகள்

"எத்தனை நாளுக்கு ஒருக்கா தண்ணி விடுவீங்கம்மா?" என்று பிலோமி கேட்டாள். கேள்வி சந்திரமதியின் காதில் விழுந்தது; புத்திக்குப் போய்ச் சேரத்தான் நேரம் பிடித்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் நடுவழியில் எங்கேயோ உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் அது வந்து சேர்கிறது. முப்பத்துமூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் நாலு ஊர்க்காரர்கள் கத்துவதைப் பிரித்துப் பிரித்துக் கேட்டவள் அவள். இன்று வயலூர் ரோட்டில் ஒரு நர்சரியின் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே, இரண்டடி தள்ளி நிற்கிற ஒருத்தி கேட்பது விளங்கவில்லை. பச்சை வெளிச்சத்தில் தன் கையே யாருடைய கையோ போலத் தெரிந்தது. நகத்தடியில் மஞ்சள். காலையில் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கரைத்தபோது பட்டதா, நேற்றையதா என்று யோசித்தாள், அந்த யோசனை பாதியில் நின்றுவிட்டது. மணி பத்தரை. சுகந்தி பன்னிரண்டு மணி வரைக்கும்தான் இருப்பாள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவரைத் துடைத்து, உடுத்தி, தள்ளுநாற்காலியில் உட்காரவைத்து, பிறகு படுக்கையில் கிடத்திவிட்டுப் போவது அவள் வேலை. மற்ற இருபது மணி நேரமும் சந்திரமதியின் வேலை. "அம்மா, தண்ணி," என்றாள் பிலோமி மறுபடியும். நாற்பது வயசிருக்கும், ரப்பர் பூட்ஸ், இடுப்பில் தூக்கிச் செருகிய நைட்டி, அதற்கு மேல் ஆம்பிளைச் சட்டை. "யாரு தண்ணி ஊத்துவா வீட்ல? அத வச்சுத்தான் செடி சொல்ல முடியும்." சந்திரமதி சொன்னாள்: "யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. யாரும் இல்லையாமே. அப்படியானால் அவர் யார், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாரே அவர்? தான் யார்? வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், நண்பகல் வரைக்கும் மூன்று பேர். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றுதானே சொல்லவந்தோம், வீட்டிலேயே ஆள் இல்லை என்பது போலல்லவா வாயிலிருந்து வந்தது. திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். பிலோமி ஏற்கெனவே தலையாட்டிவிட்டு, "வெளியூர் போறீங்களாக்கும்," என்றபடி தொட்டி வரிசைக்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வெளியூர். புனேயில் சேனா இருக்கிறாள். மகளுக்குத் தேவசேனா என்று அவர்தான் பேர் வைத்தார். அம்மா, ஒரு மாசமாவது இங்க வந்து தூங்கு என்கிறாள் சேனா. வந்து பார் என்று சொல்லவில்லை, வந்து இரு என்றும் சொல்லவில்லை, தூங்கு என்றுதான் சொன்னாள். எப்படித் தெரிந்தது அவளுக்கு? குரலிலேயே தெரிகிறதா? கல்லணை ரோட்டில் ஒரு இல்லம் பார்த்து வைத்திருக்கிறாள். இப்படிப் பக்கவாதத்தில் விழுந்துவிட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். ஒரே ஒரு கட்டில் காலி. திங்கட்கிழமை சேர்க்கலாம், இன்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். நேற்று ராத்திரி சேனா இதைச் சொன்னபோது, "யோசிச்சு சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, காலையில் எழுந்ததும் யோசிக்காமல், தரையில் படர்கிற செடி வாங்கிவரலாம் என்று கிளம்பிவிட்டாள். ரெண்டரை வருஷமாகக் காய்ந்து கிடக்கிற மண்ணுக்கு இன்றைக்குத்தான் அவசரம் வந்ததாக்கும்.

அந்த மண் ஒரு காலத்தில் புல்லாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் குஞ்சிதபாதம் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாசமே கொரியன் புல்லை லாரியில் வரவழைத்துப் பதித்தார். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து அலுத்துப்போய்விட்டது, இனி இந்த ஒன்றரை சென்ட்டை வைத்து அழகு பார்க்கப்போகிறேன் என்றார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீர். பால்காரர் ஓரத்தில் மிதித்தால்கூடச் சண்டை. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளிம்பை வெட்டுவார். அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளும் அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டு வந்து, ரொம்ப நல்லா இருக்கு என்பாள், பார்க்காமலே. அன்றைக்கும் அவர் வாசலில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரமாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம். மோட்டார் ஓடுது, தொட்டி காலியாகுது, இவருக்கு என்ன கவலை என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தவள் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான். புல் மூழ்கி, கேட் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பைப்பை மூடினாள். பைப்பை மூடிவிட்டுத்தான் திரும்பினாள். செம்பருத்திக்குப் பின்னால் அவர் ஒருக்களித்துக் கிடந்தார், கன்னம் தண்ணீரில். பைப்பை மூட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பத்து விநாடி, பதினைந்து. டாக்டர் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்றார். யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. முதலில் பைப்பை மூடினேன் என்று எப்படிச் சொல்வது, அதைக் கேட்டு என்ன செய்வார்கள். அதற்கப்புறம் புல்லுக்குத் தண்ணீர் விட யாருக்கு நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி, பிஸியோதெரபி, டயப்பர், புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடுவது. போர்த் தண்ணீரும் அந்தக் கோடையில் உப்பாகத் திரும்பிவிட்டது. புல் முதலில் நுனியில் வெளுத்து, அப்புறம் பாய் போலக் கிடந்து, அப்புறம் மண்ணாகிவிட்டது. சுகந்தி தினமும் அவரைக் கொண்டுபோய் அதே ஜன்னலில்தான் நிறுத்துகிறாள், காத்து வரும்மா என்று. வலது கை மடியில் கிடக்க, பேச்சில்லாமல், அவர் அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன நினைப்பார்? இவளால் ஒரு புல்லைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றா? அவருக்கு நினைக்க முடிகிறதா? முடிகிறது என்று ஒரு டாக்டர், அவ்வளவு இல்லை என்று ஒரு டாக்டர்.

"எம்பொண்ணு போன்ல ஒண்ணு அனுப்பியிருக்கா," என்று சந்திரமதி போனை நீட்டினாள். எந்த ஊர் எந்த மண்டலம், அந்த மண்டலத்தில் எந்தச் செடி பிழைக்கும் என்று ஒரு பட்டியல். சேனா அதில் ஏழெட்டைத் தேர்ந்து கோடிட்டிருந்தாள். படங்கள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. பிலோமி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் குளிர் கணக்கும்மா. பனி விழற ஊர்க்காரங்க போட்டது. குளிர்காலத்துல எவ்வளவு குளிர் தாங்கும்னு வச்சு நம்பர் போட்டிருக்காங்க. திருச்சியில எந்தச் செடி குளிர்ல செத்துது? இங்க சாவுறது ரெண்டே விதம். சித்திரை வைகாசி வெயில்ல வெந்து சாவும். இல்லாட்டி ஐப்பசி மழையில வேர் அழுகிச் சாவும். ரெண்டையும் தாண்டுறதுதான் நம்மூரு செடி." சொல்லிக்கொண்டே நடந்தாள். சந்திரமதியும் பின்னால் நடந்தாள். நடக்கும்போது கால் கொஞ்சம் மிதப்பது போல இருந்தது. போன வாரம் படிக்கட்டிலும் இப்படித்தான் இருந்தது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால். அந்த நினைப்பு வராத நாள் இல்லை, பல் விளக்குவது போல அது தினமும் ஒரு நேரத்தில் வந்துவிடும். நடுராத்திரியில் தனக்கு ஏதாவது ஆகி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்துவிட்டால், காலை எட்டு மணிக்குச் சுகந்தி வரும்வரை அவர் பார்த்துக்கொண்டே கிடப்பார். கூப்பிட முடியாது. எழ முடியாது. அவர் இடது கைக்கு எட்டும்படி போனை வைத்துப் பழக்கிப் பார்த்தாள். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சுகந்திக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சுகந்தி வரமாட்டாள். அதனால் சனிக்கிழமை ராத்திரிதான் ரொம்பப் பயம். இன்றைக்குச் சனிக்கிழமை.

"உங்க முன்வாசலுக்கு எப்ப வெயில் வரும்?" மத்தியானத்துக்கு மேல், மேற்கு வெயில், ஆறு மணி வரைக்கும் என்றாள். "தண்ணி?" உப்பு. "மண்ணு?" செம்மண், இறுகிக் கிடக்கு. பிலோமி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள், ஏதோ டாக்டர் கேட்கிறாற்போல. சந்திரமதிக்கு அது பிடித்திருந்தது. கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் சரியாகவும் இருந்தது. யாரும் பெருமூச்சு விடவில்லை. வழியில் ஒரு மர அடுக்கில் ரோஜாப்பூவை இலையாலேயே செய்து வைத்தாற்போலச் சின்னச் சின்னச் செடிகள், வெளிர்நீலமும் சாம்பலும் கலந்து, மேலே விபூதி தடவினாற்போல ஒரு பூச்சு. சேனாவின் பட்டியலில் முதலாவதாக இருந்த படம் அதுதான். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தாள். யாரும் துடைக்காமல், புரட்டிப் போடாமல், இவ்வளவு சுத்தமாக ஒன்று இருக்க முடிகிறதே. ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தாள், குளிர்ச்சியாக, தடிப்பாக இருந்தது. "தொடாதீங்கம்மா," என்றாள் பிலோமி, கோபமில்லாமல். "அது ஊட்டிச் செடி. எச்சிவேரியாம்பாங்க. இங்க நம்ம ராத்திரிப் புழுக்கமே அதுக்கு ஆகாது, நான் சும்மா ஆசைக்கு வச்சிருக்கேன். மேல ஒரு மாவு இருக்கு பாருங்க, வெயில்லேர்ந்து அதுதான் அதைக் காப்பாத்துது. தொட்டா போயிடும். விரல் தடம் அப்படியே நிக்கும், திரும்ப மூடாது." சந்திரமதி கையை எடுத்தாள். இலையில் அவள் கட்டைவிரல் பச்சையாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை. இரண்டு நாளாக அவள் அந்தக் கிழமைக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். மண், தண்ணீர், வெயில், மண்டலம், எல்லாம் அதைச் சுற்றிப் போகிற வழிகள்தான். வியாழக்கிழமை சாயங்காலம் குழைய வடித்த ரசம் சாதம். ஐந்தாவது வாய். அவர் துப்பினார். வேண்டுமென்று துப்பினாரா, தொண்டையில் இறங்கவில்லையா, தெரியாது. முந்தின ராத்திரி அவள் மொத்தமாக ஒன்றரை மணி நேரம் தூங்கியிருந்தாள். மறுபடி ஊட்டினாள், மறுபடி துப்பினார், இந்தத் தடவை அவள் முகத்தில். அவள் அவர் கையைப் பிடித்தாள். நல்ல கையை, இடது கையை, முழங்கைக்கு மேலே. பிடித்து உலுக்கினாள். விடவில்லை. உலுக்கிக்கொண்டே இன்னொரு கையால் அடித்தாள், தோளில், அப்புறம் கன்னத்தில். ஒரு தடவையா, இரண்டு தடவையா? அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடி வாங்குகிற குழந்தை மூடுகிற மாதிரி, அடுத்த அடிக்குத் தயாராக. அதுதான். அடித்ததுகூட இல்லை, அந்தக் கண் மூடியது. நாற்பது வருஷத்தில் அவர் அவள்மேல் ஒரு தடவைகூடக் கை நீட்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சுகந்தி துடைத்துவிடும்போது கையில் நாலு விரல் தடம், நீலமாக. சுகந்தி பார்த்தாள். நிமிர்ந்து சந்திரமதியைப் பார்த்தாள். தேங்காயெண்ணெயை எடுத்து அந்த இடத்தில் மெதுவாகத் தடவினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று ராத்திரிதான் சேனா இல்லத்தைப் பற்றிப் பேசினாள், சுகந்தி சொல்லியிருப்பாளோ? சொல்லியிருந்தாலும் என்ன. இல்லை, சொல்லியிருக்கமாட்டாள். அங்கே கொண்டுபோய் விட்டால், புருஷனை வைத்துக்கொள்ள முடியாமல் விட்டுவிட்டாள் என்பார்கள். இங்கேயே வைத்துக்கொண்டால், இன்னொரு வியாழக்கிழமை வரும். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. வரும்.

"நான் எங்க வீட்டுக்காரரை அடிச்சுட்டேன்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அந்தத் தொட்டியை எடுங்க என்பது போல. பிலோமி குனிந்து ஒரு பையில் மண் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "படுக்கையில இருக்கார். பேச்சு கிடையாது. வியாழக்கிழமை சாதம் ஊட்டறப்ப அடிச்சுட்டேன்." பிலோமி பையைக் கீழே வைத்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று சந்திரமதி காத்திருந்தாள்; எது சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. "எத்தன வருசமாம்மா இப்படி இருக்காரு?" ரெண்டரை. "ராத்திரி யாரு கூட?" நான்தான். "ரெண்டரை வருசமும் ஒரே ஆளா?" சந்திரமதி தலையாட்டினாள். பிலோமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்த விதை டப்பாக்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சந்திரமதி உட்கார்ந்தாள். எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அதை மூட வேண்டும் என்று தோன்றியது, எழவில்லை. மூடவேண்டியவர்கள் மூடிக்கொள்ளட்டும். பிலோமி திரும்பிப் போய் ஒவ்வொரு செடியாக எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தாள், வைக்கும்போது மட்டும் பேசினாள். "இது பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ்னும் சொல்வாங்க. மேக்கு வெயில் எவ்வளவு அடிச்சாலும் பூக்கும். ஒரு துண்டு ஒடிச்சுக் குத்தினா போதும். இது பொடுதலை, நம்ம வரப்புல கெடக்குமே, மிதிச்சாலும் படரும். இதுக்குப் பேரு எனக்குத் தெரியாது. வேளாங்கண்ணி போனப்ப கடல்கரை ஓரமா கெடந்துச்சு, ஒரு கொடி பிடுங்கிட்டு வந்தேன். இலை தடிப்பா இருக்கு பாருங்க, உப்புத் தண்ணிக்கு அசராது. நான் வேளாங்கண்ணின்னுதான் கூப்பிடுறது." பாம்புக் கற்றாழையைக் கொண்டுவந்து யோசித்து, திரும்ப எடுத்துப்போனாள். "நட்ட பதினஞ்சு நாளைக்கு மட்டும் தண்ணி வேணும். எந்தச் செடியானாலும் அது வேணும், பதினஞ்சு நாள் யாராவது பாத்துக்கணும். அப்புறம் தானா போயிக்கும். ஆளு இருக்கா?" "நான் இருக்கேன்," என்றாள் சந்திரமதி. அது உண்மைதானா என்று ஒரு தடவை உள்ளுக்குள் பார்த்துக்கொண்டாள். உண்மைதான். புனேக்குப் போகப்போவதில்லை. தன் வீட்டில், தன் கட்டிலில், யாரையும் புரட்டிப் போடாமல் தூங்கவேண்டும். தினமும் மத்தியானம் பஸ் ஏறி கல்லணை ரோட்டுக்குப் போகலாம். போய்ப் பக்கத்தில் உட்காரலாம். ஊட்டாமல், துடைக்காமல், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று?

ஆட்டோவில் கால்மாட்டில் செடிகள் ஆடிக்கொண்டிருந்தன. சேனாவைக் கூப்பிட்டாள். "சரின்னு சொல்லிடு. திங்கட்கிழமை. முதல்ல ஒரு மாசம்." மறுமுனையில் சத்தமே இல்லை, லைன் அறுந்துவிட்டதோ என்று பழைய வழக்கத்தில் காதை அழுத்திக் கேட்டாள். சேனா அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, நான் சொன்னேன்னு நீ கஷ்டப்பட்டு..." "நீ சொன்னதுக்கு இல்ல. நான் அப்பாவை அடிச்சேன், சேனா." இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். சுலபமாக இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சேனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்பாகிட்ட நான் வீடியோல சொல்லட்டுமா?" "வேணாம். அவர்கிட்ட நான்தான் சொல்லணும்." உறையூர் முனையில் சிக்னல் விழுந்து வண்டி நின்றது. எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள். உங்களை நல்லாப் பாத்துப்பாங்க. நான் தினம் வருவேன். எனக்கு முடியல. கடைசியில் சொல்லவேண்டியது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் போர்த்துகிற துணி. சிக்னல் பச்சையாகி, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கண்ணை மூடினாள். வீடு வருவதற்குள் இரண்டு தடவை தூங்கி விழித்துவிட்டாள்.

சுகந்தி செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். செடிகளை வாங்கி நிழலில் வைத்துவிட்டு, "இன்னிக்கு நாற்காலியிலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்மா, படுக்க மாட்டேன்னுட்டாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் ஜன்னலோரம் இருந்தார், மேலே பனியன், மடியில் துண்டு. சந்திரமதி ஒரு முக்காலியை இழுத்து, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். பனியனுக்கு வெளியே கையில் அந்த நாலு தடமும் இப்போது கறுத்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு உங்களை அடிச்சுட்டேன். எனக்கு முடியலைங்க. கல்லணை ரோட்டுல ஒரு இடம் இருக்கு. கொஞ்ச நாள் அங்க இருங்க. நான் தினம் வருவேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். புரிந்துதான் மூடினாரா, தூக்கமா? முன்பானால் எழுந்து போயிருப்பாள், சொல்லியாயிற்று என்று. இன்று போகவில்லை. கண்ணைத் திறக்கும்வரை முழங்கால் வலிக்க உட்கார்ந்திருந்துவிட்டு, திறந்ததும் இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்தி, முதலிலிருந்து சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தன் பனியனைப் பிடித்து இழுத்தார். அரிக்கிறதா என்று கேட்டாள், இல்லை. புழுக்கமா, இல்லை. மறுபடி இழுத்தார், ம், ம் என்று ஒரு சத்தத்தோடு. கை பீரோ இருந்த பக்கம் நீண்டது. அவளுக்கு விளங்க நேரம் பிடித்தது. சட்டை. வெளியே போகும்போது சட்டை போடாமல் இவர் எப்போது போனார். "இன்னிக்கு இல்லைங்க, திங்கட்கிழமைதான்," என்றாள். கை இறங்கவில்லை. எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, ரெண்டரை வருஷமாக மடிப்புக் கலையாமல் கிடந்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துவந்தாள். பிஸியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி வராத கையை முதலில் நுழைத்தாள், அப்புறம் வருகிற கையை. அது தானாகவே உள்ளே போனது. கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். உடம்பு இளைத்து சட்டை தொளதொளவென்று இருந்தது. கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது அவளுக்குத் துளை தட்டுப்படவில்லை. அவர் மோவாயை உயர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.